தொங்கிய கேபிளைச் செருகியது யார் குற்றம்?

திங்கட்கிழமை காலை எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே ராகம்தான். "சார், நெட் இல்லை." ஞாயிற்றுக்கிழமை யாராவது எதையாவது நகர்த்தியிருப்பார்கள், பெருக்கியிருப்பார்கள், வெள்ளை அடித்திருப்பார்கள். அந்த வாரமும் அப்படித்தான். ஈரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தாளாளர் எனக்குப் பழக்கம், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குரல் வழக்கத்தைவிட ஒரு கட்டை மேலே இருந்தது.

"தம்பி, ஸ்கூல்ல ஒண்ணுமே வேலை செய்யல. பத்து மணிக்குப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு. கைரேகை மெஷின் ஓடல, கேமரா ஓடல, ஆபீஸ்ல ஃபீஸ் பில் போட முடியல. உடனே வாங்க."

போய்ச் சேர மணி பத்தேகால். தேர்வை மதியத்துக்குத் தள்ளியிருந்தார்கள். ஆபீஸ் அறையில் இருந்த மெயின் ஸ்விட்ச்சைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. (ஸ்விட்ச் என்றதும் ஃபேன் ஸ்விட்ச்சை நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர்களை எல்லாம் கேபிளால் ஒன்றாகக் கோர்க்கும் பெட்டி அது. முகத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு விளக்கு.) சாதாரண நாளில் அந்த விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கும். அன்று 24 விளக்குகளும் தீபாவளி சீரியல் செட் மாதிரி ஒரே சமயத்தில், மூச்சுவிடாமல், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நெட்வொர்க்கில் எங்கோ ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் லூப் என்போம்.

கம்ப்யூட்டர் லேப்பில் இருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன். ஆபீஸ் விளக்குகள் அடங்கின. ஆக, வினை லேப்பில். அங்கே போய் அதன் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். 13-வது கேபிளில் எல்லாம் சட்டென்று அமைதி. அந்தக் கேபிள் சுவருக்குள் போய், கடைசி வரிசை பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சாக்கெட்டில் முடிகிறது. குனிந்து பார்த்தால், ஒரு சாண் நீல நிற கேபிள். ஒரு முனை இந்தச் சாக்கெட்டில், மறுமுனை பக்கத்துச் சாக்கெட்டில். இரண்டு சாக்கெட்டும் போய்ச் சேருவது ஒரே ஸ்விட்ச்சுக்கு.

அவ்வளவுதான். ஒரு சாண் கேபிள் ஒரு பள்ளிக்கூடத்தையே நிறுத்தியிருந்தது.

யார் செருகியது என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்பைக் கழுவிவிட்ட அக்காவே முன்வந்து சொன்னார். "வயரு தொங்கிட்டிருந்துச்சுங்க. ஈரத் துணி படுது, பிள்ளைங்க கால்ல மாட்டும்னு, பக்கத்துல இருந்த ஓட்டையில சொருகி வெச்சேன். தப்புங்களா?"

தாளாளர் முகம் சிவந்தது. இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதுதான் என்று ஆபீஸ் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. காரணம் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த ஒரு சாண் கேபிள் அப்படி என்ன செய்துவிட்டது என்று பார்த்துவிடலாம்.

உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பையும் குடும்ப குரூப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். இதில் வருவதை எல்லாம் அதற்கும், அதில் வருவதை எல்லாம் இதற்கும் யோசிக்காமல் ஃபார்வர்டு செய்யும் ஒரு மாமா இரண்டிலும் இருக்கிறார். ஒருவர் மட்டும் என்றால் தொல்லையோடு போகும். அதே குணத்தில் இரண்டாவது மாமாவும் சேர்ந்துவிட்டால்? ஒரு 'குட் மார்னிங்' போதும், இரண்டு பேருக்கும் நடுவில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லோர் போனும் அலறும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இப்படி எல்லோருக்கும் போகும் செய்திகள் உண்டு. 'இந்த முகவரி யாருடையது? கை தூக்குங்கள்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும். ஸ்விட்ச் அதை, வந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லா ஓட்டைகளிலும் அனுப்பும். அதன் வேலையே அதுதான். லூப் இருந்தால் 13-ம் ஓட்டையில் வெளியே போனது 14-ம் ஓட்டையில் புதிதாக வந்ததுபோல் உள்ளே வரும். ஸ்விட்ச் மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடியும் வரும்.

இன்டர்நெட் முழுக்கப் பயணம் செய்யும் பொட்டலங்களுக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் குப்பையில். ஸ்விட்ச்சுகளுக்கு இடையே ஓடும் ஈதர்நெட் பொட்டலத்துக்கு அந்த ஆயுள் எண் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சாகாது. 1 ஜிகாபிட் கேபிளில் மிகச் சிறிய பொட்டலங்கள் நொடிக்கு 14.88 லட்சம் வரை ஓட முடியும். அத்தனை இடத்தையும் ஒரே செத்துப்போன கேள்வி அடைத்துக்கொண்டால், ஃபீஸ் பில்லுக்கு வழி ஏது?

அப்படியானால் லூப்பே இல்லாமல் கேபிள் போட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். தோன்றுவது சரிதான், ஆனால் ஊருக்கு ஒரே பாலம் இருந்தால் வெள்ளத்தில் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி, பேங்க், தொழிற்சாலை போன்ற இடங்களில் இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே வேண்டுமென்றே இரண்டு வழி போடுவார்கள். ஒன்றை எலி கடித்தால் மற்றொன்று ஓட வேண்டும். இரண்டு வழி போட்டாலே அது வளையம். வளையம் வேண்டும், ஆனால் செய்தி சுற்றக் கூடாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரி இந்தச் சிக்கலைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் லீவில் போய்விட்டார். அன்று இரவே விடை கிடைத்துவிட்டது. திங்கள், செவ்வாயில் எழுதியும் முடித்துவிட்டார். மிச்ச நாளில் வேறு வேலையில் மனம் ஓடவில்லை என்று, தன் கண்டுபிடிப்பையே ஒரு குட்டிக் கவிதையாக எழுதினார். 'அல்கோரைம்' என்று பெயர். 1985-ல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கவிதையும் இருக்கிறது. தொழில்நுட்பக் கட்டுரையைக் கவிதையோடு ஆரம்பிக்கும் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் ஸ்பானிங் ட்ரீ. மரம் என்று பெயர் வைத்ததில் பொருள் இருக்கிறது. மரத்தில் ஒரு கிளையில் இருந்து இன்னொரு கிளைக்குப் போக ஒரே வழிதான். கிளைகள் போய் ஒட்டிக்கொண்டு வளையம் ஆவதில்லை. ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி ஒருவரை வேராக, அதாவது ரூட்டாகத் தேர்ந்தெடுக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்விட்ச்சும் வேருக்குப் போகும் மிகக் குறைந்த செலவுள்ள வழியைத் திறந்து வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் வழியை மூடிவிடும். கேபிள் செருகியபடியே இருக்கும், செய்தி மட்டும் போகாது. திறந்த வழி அறுந்தால் மூடிய வழி தானாகத் திறக்கும்.

தேர்தல் எப்படி நடக்கிறது என்பது வேடிக்கை. ஆரம்பத்தில் எல்லா ஸ்விட்ச்சும் 'நானே தலைவர்' என்று அறிவிக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு, பிரையாரிட்டி என்பார்கள். அது சிறியதாக உள்ளவரைப் பார்த்ததும் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் பெட்டியைப் பிரித்து எடுக்கும்போது எல்லா ஸ்விட்ச்சிலும் அந்த எண் 32768. எல்லோரும் சமம் என்றால்? பெட்டிக்குள் தொழிற்சாலையிலேயே பொறித்த மேக் முகவரியில் எது சிறியதோ அது ஜெயிக்கும். பல சமயம் பழைய பெட்டிகளுக்குத்தான் சிறிய முகவரி இருக்கும். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால், மாடியில் ஸ்டாஃப் ரூம் பீரோமேல் தூசி படிந்து கிடக்கும் 8 ஓட்டைக் கிழப் பெட்டி பள்ளிக்கூடத்துக்கே தலைவராகிவிடலாம். அது வெயிலில் மயங்கி விழுந்தால் மறுபடியும் தேர்தல்.

இவ்வளவு நல்ல காவல் இருந்தும் அந்தப் பள்ளியில் ஏன் காப்பாற்றவில்லை? லேப் ஸ்விட்ச்சும் ஸ்பானிங் ட்ரீ வசதி உள்ளதுதான். பிரவுசரில் திறந்து அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச். உள்ளே போய்ப் பார்த்தேன். ஸ்பானிங் ட்ரீ அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அணைத்தவன் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே லேப்பில் வேறொரு புகார். காலையில் கம்ப்யூட்டர்களை ஆன் செய்தால் சிலவற்றுக்கு நெட் வருவதில்லை, 169.254 என்று ஆரம்பிக்கும் உதவாத முகவரியோடு உட்கார்ந்திருக்கின்றன, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. பழைய முறை ஸ்பானிங் ட்ரீயில், ஒரு ஓட்டையில் கேபிள் உயிர்பெற்றதும் அது உடனே திறக்காது. வளையம் இருக்கிறதா என்று 15 நொடி காது கொடுத்துக் கேட்கும். இன்னொரு 15 நொடி யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளும். அந்த 30 நொடிக்குள் கம்ப்யூட்டர் முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அன்று எனக்கு அவசரம், அடுத்த ஊரில் வேறு வேலை. ஸ்பானிங் ட்ரீயை அணைத்தேன். புகார் தீர்ந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அப்புறமாக வந்து முறையாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. வரவில்லை.

"அண்ணே, அக்கா சம்பளத்துல கை வைக்காதீங்க. அவங்க செருகினா தாங்குற மாதிரி நான்தான் வெச்சிருக்கணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்போ இன்னிக்கு உங்க பில்லுல பிடிக்கிறேன்" என்றார். நியாயம்தான்.

இது ஏதோ பள்ளிக்கூடத்து விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002 நவம்பர் 13 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் தள்ளாட ஆரம்பித்தது. எழும், விழும், மறுபடியும் எழும். நான்கு நாள். டாக்டர்களும் நர்ஸுகளும் மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஆராய்ச்சியாளர் அனுப்பிய பெரிய தரவு வெள்ளம் தூண்டுகோல். ஆனால் அடிப்படைக் கோளாறு ஸ்பானிங் ட்ரீயில் இருந்தது. நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்ந்து, ஸ்விட்ச்சுக்குப் பின் ஸ்விட்ச்சாக நீண்டிருந்தது. ஸ்பானிங் ட்ரீயின் வழக்கமான நேர அளவுகள், ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு 7 ஸ்விட்ச் வரைதான் என்ற கணக்கில் வைக்கப்பட்டவை. அதற்கு மேல் போனால் தலைவரின் குரல் கடைசி ஆளுக்குச் சரியாக எட்டாது. சிஸ்கோ நிறுவனத்தின் ஆட்கள் கருவிகளோடு விமானத்தில் வந்து சேர வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். மற்ற ஆஸ்பத்திரிகள் அதைப் படித்துத் தங்கள் நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தன. எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை.

சரி, அன்று மாலை பள்ளியில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் கடையிலோ, கிளினிக்கிலோ, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால் இதையே செய்யலாம், அல்லது செய்பவரிடம் கேட்கலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகுதான் கை வைத்தேன். ஸ்பானிங் ட்ரீயை மாற்றும்போது நெட்வொர்க் சற்று நேரம் நின்று எழும். இருக்கும் அமைப்பை முதலில் பேக்கப் எடுத்தாயிற்று.

மூன்று ஸ்விட்ச்சிலும் ஸ்பானிங் ட்ரீயை ஆன் செய்து, வகையில் 'ரேபிட்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஆர்.எஸ்.டி.பி. என்றும் போட்டிருக்கும். 2001-ல் வந்த வேகமான வடிவம் இது. பழையதில் வழி அறுந்தால் மாற்று வழி திறக்க 30 முதல் 50 நொடி. இதில் பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். பழையதையே வைத்துக்கொள்ள இன்று காரணம் எதுவும் இல்லை.

அடுத்து, தலைவரைத் தேர்தலுக்கு விடாமல் நாமே நியமிப்பது. ஆபீஸில் யு.பி.எஸ்.ஸோடு இருக்கும் மெயின் ஸ்விட்ச்சுக்கு பிரையாரிட்டி 4096 என்று கொடுத்தேன். லேப் ஸ்விட்ச்சுக்கு 8192, அது துணைத் தலைவர். ஸ்டாஃப் ரூம் கிழவரைப் பழைய 32768-லேயே விட்டேன். (இந்த எண்ணை 4096-ன் மடங்காகத்தான் கொடுக்க முடியும். 5000 என்று போட்டால் ஏற்காது, திகைக்க வேண்டாம்.)

பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய வேலை. கம்ப்யூட்டர் மட்டும் மாட்டும் ஓட்டைகளை 'எட்ஜ் போர்ட்' என்று குறித்தேன். சில கம்பெனிப் பெட்டிகளில் 'போர்ட்ஃபாஸ்ட்' என்று இருக்கும். இங்கே இன்னொரு ஸ்விட்ச் வராது, காத்திருக்காமல் உடனே திற என்று அர்த்தம். 30 நொடிப் புகாருக்கு இதுதான் மருந்து. ஸ்விட்ச்சையும் ஸ்விட்ச்சையும் இணைக்கும் ஓட்டைகளில் மட்டும் இதைப் போடவே கூடாது.

எட்ஜ் போர்ட் போட்ட கையோடு அதே ஓட்டைகளில் 'பி.பி.டி.யு. கார்டு' என்பதையும் ஆன் செய்ய வேண்டும். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் 2 நொடிக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் செய்திக்கு பி.பி.டி.யு. என்று பெயர். கம்ப்யூட்டர் மாட்ட வேண்டிய ஓட்டையில் அந்தச் செய்தி வந்தால் அங்கே ஏதோ தவறு, உடனே அந்த ஓட்டையை மட்டும் மூடு என்பதுதான் கார்டின் வேலை. ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இதற்குப் பக்கத்திலேயே 'பி.பி.டி.யு. ஃபில்டர்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயரைப் பார்த்து அதைப் போட்டுவிடாதீர்கள். அது ஓட்டையின் வாயையும் காதையும் சேர்த்துக் கட்டிவிடும். அப்புறம் அதே ஒரு சாண் கேபிள் மறுபடியும் பள்ளியை நிறுத்தும்.

டேபிளுக்கு அடியில் வைக்கும் மலிவான 5 ஓட்டைப் பெட்டிகளுக்கு இந்தப் புத்தி எதுவும் கிடையாது. சில பெட்டிகள் பி.பி.டி.யு.வை அப்படியே கடத்தும், சில விழுங்கிவிடும். அவற்றை நம்ப முடியாது. மெயின் ஸ்விட்ச்சில் 'லூப் டிடெக்‌ஷன்' என்று தனியாக ஒரு வசதி இருந்தால், இப்படிப்பட்ட பெட்டி மாட்டியிருக்கும் ஓட்டைகளில் அதையும் ஆன் செய்வது நல்லது.

கடைசியாக 'சேவ்'. பல ஸ்விட்ச்சுகளில் நாம் மாற்றியது அந்த நேரத்துக்கு மட்டும்தான். தனியாகச் சேமிக்காவிட்டால் அடுத்த கரன்ட் கட்டில் எல்லாம் பழையபடி. இதில் ஏமாந்த என்ஜினீயர்களின் சங்கம் ஆரம்பித்தால் உறுப்பினர்களுக்குப் பஞ்சமே இருக்காது.

ஆபீஸுக்கும் லேப்புக்கும் நடுவில் கட்டடம் கட்டும்போதே இரண்டு கேபிள் இழுத்திருந்தார்கள். ஒன்றை மாட்டாமல் சுருட்டி வைத்திருந்தேன், லூப் ஆகிவிடும் என்ற பயத்தில். அன்று அதையும் மாட்டினேன். லேப் ஸ்விட்ச்சின் திரையில் ஒன்று 'ஃபார்வர்டிங்', மற்றொன்று 'டிஸ்கார்டிங்' என்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு நொடி தயங்கி மற்றது எடுத்துக்கொண்டது. தாளாளர் தன் போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் நடந்துகொண்டேதான் இருந்தார்.

சோதனை ஒன்று பாக்கி இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அந்த நீல கேபிளைக் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை எங்க சொருகுனீங்களோ அங்கயே சொருகுங்க" என்றேன். அவர் தாளாளரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். ஒரு முனையைச் செருகினார். இன்னொன்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பட்டாசுத் திரியைத் தொடுகிற மாதிரி செருகினார்.

லேப் ஸ்விட்ச்சில் 14-ம் ஓட்டையின் விளக்கு அணைந்தது. மற்றவை ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கிக்கொண்டே இருந்தன.

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதாங்கா."

அவர் குனிந்து கேபிளை இரண்டு பக்கமும் பிடுங்கினார். "அப்போ இந்த வயரு இங்க எதுக்குங்க தொங்கணும்?" என்று கேட்டுக்கொண்டே அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு என் கையில் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் டெஸ்ட் செய்ய நான் மாட்டிவிட்டுப் போன கேபிள் அது.